முதலில் தண்ணீர்ப் பந்தலைக் கொடுங்கள்

தலைமைத்துவம் ரத்தத்தில் வர வேண்டும், சொல்லிக்கொடுத்து வராது என்று கோயில் கூட்டத்தில் யாராவது ஆரம்பித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் 19 வருடம் தண்டலாக, அதாவது தொழிலாளர்களை மேற்பார்க்கிறவனாக இருந்தவன் நான். முதல் நாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி வருகை எடுக்கும்போது, பேர் கூப்பிடவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த நம் ஊர் துன் சம்பந்தனையும் பிறவித் தலைவர் என்பார்கள். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, முதலாளிகள் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்த தோட்டங்களைத் தொழிலாளர் பங்குப் பணத்திலேயே வாங்க வழி செய்தவர். வசதியான வீட்டுப் பிள்ளை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் நின்று பேச அவருக்கும் பழக்கம் வேண்டியிருந்திருக்கும்.

சரி, கோயில் பிள்ளைகளைத் தலைமைக்கு எப்படிப் பழக்குவது? ஆடித் திருவிழாவுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே ஆளைப் பாருங்கள். மைக் பிடிப்பவனை விடுங்கள். கூட்டம் முடிந்ததும் நாற்காலி அடுக்குகிற பிள்ளை யார்? அந்தப் பிள்ளையிடம் தண்ணீர்ப் பந்தலை முழுசாக ஒப்படையுங்கள். நான்கு பேர், 150 வெள்ளி (ரிங்கிட்), ஒரு நோட்டு. முதல் வருடமே அன்னதானம் வேண்டாம். சோறு பற்றாமல் போனால் ஊரே பேசும், பிள்ளை மறுபடி கோயில் பக்கம் வராது.

அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இதுதான் கஷ்டம். போன வருடம் படிவம் நான்கு படிக்கிற பதினாறு வயதுப் பெண் ஒருத்தி பந்தலைப் பார்த்தாள். காவடிகள் வந்து சேரும் நேரம் பார்த்து ஐஸ் தீர்ந்துபோனது. மோட்டாரை எடுத்துக்கொண்டு கடைக்கு ஓட எனக்குக் கை அரித்தது. அவளோ ஒருவனை ஐஸுக்கு அனுப்பிவிட்டு, அன்னதானக் கூடத்திலிருந்து ஒரு வாளி மோர் தூக்கிவரச் சொன்னாள். "பாதி டம்ளர் ஊத்துங்கண்ணே, ஐஸ் வர்ற வரைக்கும்."

பாதி டம்ளரை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கொஞ்சம் பிறவியிலும் இருக்கும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பந்தல் கையில் இல்லாமல் அது எப்படி வெளியே வரும்?

மறுநாள் நோட்டோடு தனியாக உட்காருங்கள். எது தீர்ந்தது, சொன்ன பேச்சை யார் கேட்கவில்லை என்று கேளுங்கள். நாலு பேர் முன்னால் திட்டவே கூடாது. என்னைப் பெரட்டில் வைத்து ஒருவர் திட்டினார். ஆறு மாதம் நான் வாயே திறக்கவில்லை.

இந்த வருடம் அரிசிக் கணக்கு அவளிடம். பந்தலுக்கு ஆளையும் அவளே பிடித்துவிட்டாள். நானாக இருந்தால் அந்தப் பையனைப் போட்டிருக்க மாட்டேன். சொல்லவில்லை.