நங்கூரம் எடுக்கும் முன் படகின் அடியைப் பாருங்கள்

சேலத்திலிருந்து கொச்சிக்குப் போய்ப் பாய்மரப் படகில் கடலேறும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். மாதக்கணக்கில் நங்கூரத்தில் நின்ற படகை நேராக ஆழ்கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

முதல் வேலை, நீங்கள் அடியில் இருக்கும்போது யாரும் இன்ஜினை இயக்கிவிடாதபடி அதன் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் பார்ப்பது. வெதுவெதுப்பான தண்ணீரில் சிப்பியும் பாசியும் படகைத் தள்ளும் விசிறியான புரொப்பெல்லரில் அப்பிவிடும். இன்ஜினைக் குளிர்விக்கக் கடல்நீர் நுழையும் துளையும் அடைத்திருக்கும். இரண்டையும் சுரண்டாமல் கிளம்பினால் வேகமும் வராது, இன்ஜினும் சூடேறும்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை டீசல்தான். அரைகுறையாக நிரம்பிய டேங்கில் ஈரம் படிந்து தண்ணீர் அடியில் தங்கும். அதில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கசடும் சேரும். நிற்கும்போது ஒன்றும் தெரியாது. அலையில் படகு ஆடியதும் எல்லாம் கலங்கி ஃபில்டரை அடைத்து, இன்ஜின் நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள். தண்ணீர் இருந்தால் கீழே தனியாகப் பிரிந்து நிற்கும். மாற்று ஃபில்டர் கட்டாயம் கையில் இருக்கட்டும்.

பாயின் தையல், கயிறு, கம்பி எல்லாம் பார்த்துவிட்டு, ஒருநாள் கரையோரமாக ஓட்டிப் பாருங்கள்.

அப்புறம் மளிகை. சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் ஜவ்வரிசி, அவல், பருப்பு வாங்கினால் அட்டைப்பெட்டியோடு படகில் ஏற்றாதீர்கள். மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கலாம். கரையிலேயே மூடி போட்ட டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள்.