சூப்பர் மரியோ வேர்ல்டில 96 வாசலையும் எடுக்கிற விதம்

1990இல ஜப்பானில வந்த விளையாட்டு இது. அந்தக் காலத்தில எங்கட விசுவமடுவில கரண்டே இல்லை. நான் விளையாடத் தொடங்கினது, கனடாவில இருந்து தம்பி ஒரு நிண்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவி கொண்டுவந்த பிறகுதான். இப்ப காலபோக வெட்டு முடிய ஒருக்கா முதலில இருந்து தொடங்குவன்.

கடைசி வில்லன் பௌசரை விழுத்தினதும் "முடிஞ்சுது மாமி" எண்டு என்ர மருமகன் எழும்பிப் போயிடுவான். சேவ் பைலுக்குப் பக்கத்தில ஒரு எண் இருக்கும், அதைப் பாருங்கோ. 96 வந்து, முன்னால நட்சத்திரம் விழுந்தால்தான் முழுசா முடிச்ச கணக்கு. அந்த 96உம் லெவல் இல்லை, வாசல்; அதாவது லெவலை முடிச்சு வெளிய போற வழி. ஒரு லெவலுக்கு ரெண்டு வாசலும் இருக்கும்.

வரைபடத்தில மஞ்சள் புள்ளி எண்டால் ஒரு வாசல், சிவப்பு எண்டால் ஒண்டுக்கு மேல. அதனால சிவப்பில சாவியையும் சாவித்துவாரத்தையும் தேடுங்கோ. ஆனால் முதல் வேலை சுவிட்ச் மாளிகைகள். மஞ்சள் மாளிகை, மரியோ ஏறிப்போற டைனோசர் யோஷியின்ர வீட்டுக்கு இடப்பக்கம் போனால் வரும். வலப்பக்கம் ஓடுற ஆக்கள் அதைத் தவறவிடுவினம். பச்சைக்கு டோனட் பிளெய்ன்ஸ் 2, சிவப்புக்கு வனிலா டோம் 2, நீலத்துக்கு ஃபாரஸ்ட் ஒஃப் இல்லூஷன் 2: மூண்டிலயும் ரகசிய வாசலைக் கண்டுபிடிக்கவேணும். இந்த நாலு மாளிகையிலயும் இருக்கிற பெரிய பொத்தானை அமத்தினால்தான் புள்ளிக்கோட்டால கீறின வெறும் பெட்டியெல்லாம் ஏறி நிற்கக்கூடிய கட்டியாகும். பிறகு பறக்கிறதும் ஏறுறதும் லேசு.

எனக்குப் பிடிச்ச வாசல் சீஸ் பிரிட்ஜ் ஏரியாவில இருக்கு. கோல் கம்பத்தைத் தொடாமல், அதுக்குக் கீழால யோஷியோட போய், கடைசி நேரத்தில யோஷியை விட்டிட்டுப் பாயவேணும். பாவம், யோஷி விழும். சிறகு இருந்தால் பறந்தும் போகலாம், அப்ப யோஷி தப்பும். அங்கால இன்னொரு கோல் நிற்கும், அது சோடா லேக்குக்கு வழி.

சொக்லேட் ஐலண்ட் 2இல, எடுத்த காசையும் மிச்சமிருக்கிற நேரத்தையும் பார்த்து வழி மாறும். அதில சாவி வேணுமெண்டால் நிண்டு காசு பொறுக்காதேங்கோ, ஓடுங்கோ.

லெவலுக்குள்ள இருக்கிற பெரிய டிராகன் காசு அஞ்சையும் தேடி அலையாதேங்கோ. இந்தப் பழைய பதிப்பு அதை எழுதிவைக்காது. ஒரு உயிர் தரும், அவ்வளவுதான்.

கடைசியா, ஸ்டார் வேர்ல்டில இருந்து ஸ்பெஷல் ஸோன். எட்டு லெவல், அதில டியூபியூலர்தான் தலையிடி: பலூன் மாதிரி ஊதி மிதக்கவேணும், காத்துப் போக முன்னம் அடுத்த பலூனை எடுக்கவேணும். இங்க ஸ்விட்சில பின்னுக்கு ஓட்டுற வசதியைப் பாவிக்கிறதில எனக்கு வெக்கமில்லை. மற்ற லெவலில பாவிச்சால் சுவை போயிடும்.

ஸ்பெஷல் ஸோன் முடிஞ்சால் உலகமே இலையுதிர்கால நிறத்துக்கு மாறும், ஆமைகள் மரியோ முகமூடி போடும். அது திரும்பாது. பழைய நிறம் பிடிச்சவை முன்னமே ஒரு சஸ்பெண்ட் பொயின்ட் (ஸ்விட்ச் அந்த இடத்தை அப்பிடியே சேமிச்சு வைக்கிறது) வைச்சிருங்கோ.

இன்னொண்டு, ஸ்விட்சில இது நிண்டெண்டோவின்ர இணையச் சந்தாவில வாற விளையாட்டு, அதால கிழமைக்கு ஒருக்காவாவது ஸ்விட்சை போன் ஹொட்ஸ்பொட்டில இணையுங்கோ; ஏழு நாள் தாண்டினால் விளையாட்டுத் திறக்காது. ஸ்பெஷல் ஸோனின்ர கடைசி லெவலான ஃபங்கி முடிஞ்சதும் உடன நிப்பாட்டாதேங்கோ. ஏதாவது ஒரு பேய் வீட்டை ஒருக்கா முடியுங்கோ, அப்பதான் சேவ் பண்ணட்டோ எண்டு கேட்கும்.