மூடிட்டுப் போன கொரியன் ஃபுட்பால் கிளப்போட கதைய தோண்டி எடுக்குறது எப்படி

கொரியாவுல கலைஞ்சுபோன சின்ன லீக் டீம் ஒண்ணோட வரலாறு வேணும்னா, எத்தன கப் அடிச்சாங்கன்றத அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல அந்த டீமுக்கு யாரு சம்பளம் குடுத்தாங்கன்னு பாருங்க. அங்க கீழ் லீக்ல நெறைய டீம் பேங்க், ரயில்வே, கப்பல் யார்டு, இல்லன்னா சிட்டி நிர்வாகம் நடத்துனது தான். அவங்க காச நிறுத்துனா டீம் காலி. நம்ம நாட்டுல மஹிந்த்ரா யுனைடெட் டீம் 2010ல, ஜேசிடி டீம் 2011ல மூடிட்டுப் போன கதையும் இதே தான.

உதாரணத்துக்கு உல்சான் ஹூண்டாய் மிபோ டாக்யார்ட எடுத்துக்கோங்க, 1998ல ஆரம்பிச்ச டீம். ஹூண்டாய்னு சொன்னதும் நம்ம ராணிப்பேட்டை, அரக்கோணம் பசங்க கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போறாங்களே அந்த கார் கம்பெனின்னு நெனச்சிடாதீங்க, இது கப்பல் கட்டுற குரூப், கார்காரங்களும் இவங்களும் எப்பவோ பாகம் பிரிஞ்சாச்சு. கார் கம்பெனியோட டீம் ஜியோன்புக். 2005 கொரிய எஃப்ஏ கப் ஃபைனல்ல இந்த ரெண்டும் தான் மோதுச்சு, ஜியோன்புக் 1-0ல ஜெயிச்சுது. வெறும் ஸ்கோர் மட்டும் பாத்தா இது பங்காளிங்க மேட்ச்னே தெரியாது.

அடுத்தது லீக் பேரு, நெறைய பேரு கோட்ட விடுற எடம் இது. மிபோ மாதிரி டீம்ங்க ஆடுன லீக்க 2003ல கே2 லீக்னு ஆரம்பிச்சாங்க, 2006ல நேஷனல் லீக்னு மாத்துனாங்க, 2019 சீசனோட இழுத்து மூடிட்டாங்க. இப்ப ரெண்டாவது டிவிஷனா ஓடுற கே லீக் 2க்கும் அந்த கே2க்கும் சம்பந்தமே இல்ல, இது 2013ல கே லீக் சேலஞ்ச்னு வந்தது. கே3யும் அப்படித்தான், 2007ல வந்தது அமெச்சூர் லீக், 2020ல மறுபடி புதுசா அமைச்ச கே3ல தான் கடைசியா இருந்த நேஷனல் லீக் டீம்ங்க எட்டும் போய் சேந்துச்சு. வில்லங்கம் போட்டுப் பாத்தவங்களுக்கு இது சுலபமா புரியும், தாத்தா காலத்து பத்திரத்துல வடாற்காடு மாவட்டம்னு இருக்கும், அப்பா பேர்ல மாத்துனப்ப வேலூர், 2019க்கு அப்புறம் ராணிப்பேட்டை, ஆனா நெலம் என்னமோ அதே நெலம் தான். அதனால வருஷத்த மொதல்ல எழுதி வெச்சுட்டு, அந்த வருஷம் லீக்குக்கு என்ன பேரோ அதப் போட்டு தேடுங்க. டீமே ஊர் மாறும், அதையும் கவனிங்க. ஹம்மல் டீம் இச்சோன், நோவோன், சுங்ஜுன்னு சுத்திட்டு 2016ல முடிஞ்சுது.

இங்கிலீஷ்ல தேடுனா பெருசா ஒண்ணும் சிக்காது. கிளப் பேர கொரிய எழுத்துல காப்பி பண்ணி நேவர்ன்ற கொரிய சர்ச் இன்ஜின்ல போடுங்க, படிக்கிறதுக்கு பாப்பகோன்ற டிரான்ஸ்லேஷன் ஆப் போதும், ஆனா ஆளுங்க பேர அது சொதப்பும், நம்பிடாதீங்க. கிளப்போட பழைய வெப்சைட் செத்திருந்தா அட்ரஸ, பழைய வெப் பக்கங்கள சேத்து வெக்கிற வேபேக் மெஷின்ல போட்டுப் பாருங்க.

இப்ப கப் கணக்குக்கு வாங்க. மிபோ நேஷனல் லீக் அடிச்சது 2007, 2008, 2011, அப்புறம் 2013ல இருந்து 2016 வரைக்கும் வரிசையா நாலு, மொத்தம் 7. இவ்ளோ அடிச்சும் ஏன் மேல போகல? 2006ல கூக்மின் பேங்க் டீம் நேஷனல் லீக் ஜெயிச்சுட்டு, டாப் லீக்கான கே லீக்குக்கு வர மாட்டோம்னுச்சு, அடுத்த வருஷம் மிபோவும் அதே பதில் தான் குடுத்துச்சு. என்னக் கேட்டா அந்த ரெண்டு வருஷ நியூஸ தான் பொறுமையா உக்காந்து படிக்கணும், மத்ததெல்லாம் மேலோட்டமா பாத்தா கூட போதும்.

டீம் ஏன் கலைஞ்சுதுன்னு தேடுறப்ப ஸ்போர்ட்ஸ் பக்கத்த விட பிசினஸ் பக்கம் தான் ஒதவும். 2016ல கொரியாவோட கப்பல் தொழில் ஆர்டர் இல்லாம படுத்துடுச்சு, சாம்பியனான அதே வருஷம் மிபோ டீமையும் கலைச்சுட்டாங்க, என்ன கொடுமை பாருங்க.

கடைசியா ப்ளேயருங்க எங்க போனாங்கன்னு பாக்கணும். மூடுன வருஷத்து ஸ்குவாடையும், அடுத்த வருஷம் புதுசா பொறந்த கிளப்புங்களோட ஸ்குவாடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. மிபோ ஆளுங்க நெறைய பேர 2017ல வந்த அன்சான் கிரீனர்ஸ்ல பாக்கலாம். கூக்மின் பேங்க் 2012ல மூடுனப்ப அங்கருந்து பல பேரு போனது 2013ல புதுசா எறங்குன எஃப்சி அன்யாங்க்கு, அந்த அன்யாங் 2025ல டாப் லீக்லயே ஆடுச்சு.