பழைய ராணுவ விமானத்தளத்தை வேறு பயனுக்குத் தயார் செய்வது எப்படி?

ஓடுபாதையில் என்ன வரப்போகிறது என்பதைக் கடைசியாக முடிவு செய்யுங்கள். முதலில் பழைய வரைபடங்களையும் வான்வழிப் படங்களையும் தேடியெடுத்து, எரிபொருள் தொட்டி, வெடிமருந்துக் கிடங்கு, பட்டறை, தீயணைப்புப் பயிற்சித் திடல், குப்பை புதைத்த பள்ளம் ஆகியவை எங்கே இருந்தன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை ஜேசிபி உள்ளே வரக்கூடாது.

வெடிபொருள் தேடும் வேலையை அதற்கென்றே பயிற்சி பெற்ற குழுவிடம் விடுங்கள். திறந்த மண்ணில், புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானி உதவும். கம்பி கட்டிய கான்கிரீட்டின் மேல் அது குழம்பிவிடும், அங்கே தரை ஊடுருவும் ரேடார் வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் சில தளங்களில், எதிரி கைப்பற்றினால் தகர்த்துவிட, ஓடுபாதைக்கு அடியிலேயே வெடிமருந்துக் குழாய்களைப் புதைத்திருந்தார்கள்.

பலரும் கோட்டை விடுவது நிலத்தடி நீரில்தான். தொட்டியைச் சுற்றி மட்டும் மண் மாதிரி எடுத்தால் போதாது, குழாய் இணைப்புகளும் கசிந்திருக்கும். பட்டறையில் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப் பயன்பட்ட டிரைகுளோரோஎத்திலீன் தண்ணீரைவிடக் கனமானது. ஆழத்தில் போய்த் தங்கும். ஆகவே மேல்மட்ட நீர் சுத்தமாக இருப்பதை நம்பிவிடாதீர்கள். தீயணைப்பு நுரையிலிருந்த பி.எஃப்.ஏ.எஸ். என்ற செயற்கை வேதிப்பொருள்கள் இன்னும் மோசம்: எளிதில் சிதையாது, காய்ச்சினாலும் போகாது. நீரோட்டத் திசையிலுள்ள கிணறுகளைச் சோதிக்கும்வரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ பாசனத்துக்கோ எடுக்காதீர்கள். விமானங்களை உடைத்து எரித்த பள்ளம் இருந்தால் கதிர்வீச்சை அளக்கும் கைகர் கருவியும் தேவை. விமானக் கருவிகளின் முகப்புகள் இருட்டில் ஒளிரப் பூசிய கதிரியக்க ரேடியம்-226-இன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள்.

அடுத்து கான்கிரீட். ஓடுபாதையின் கான்கிரீட் பலகையின் நடுவிலும் மூலையிலும் 100 மி.மீ. விட்டத்தில் உருளை மாதிரி வெட்டி, தடிமனையும் வலிமையையும் பாருங்கள். பெரும்பாலும் பலகை நன்றாகவே இருக்கும், பலகைகளுக்கு இடையிலுள்ள மூட்டுதான் கெட்டிருக்கும். மூட்டு வழியே இறங்கும் நீர், கனரக வண்டி ஏறும்போதெல்லாம் அடிமண்ணைச் சேறாக வெளியே தள்ளும். அடியில் பொந்து விழுந்து பலகை ஆடும், மூலை உடையும். மேலே தார் போட்டு மறைத்தால் அதே கோட்டில் மறுபடி விரிசல் விடும். முதலில் சிமென்ட் குழம்பு செலுத்திப் பொந்தை நிரப்புங்கள். பிறகு மூட்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நுரைக் கயிறு திணித்து, மூட்டின் அகலத்தில் பாதி ஆழத்துக்கு அடைப்புப் பசையை ஊற்றுங்கள்.

இவ்வளவும் தெரிந்தபின் பயன்பாட்டைத் தேர்ந்தெடுப்பது எளிது. மண்ணைக் கிளறக்கூடாத இடமென்றால் சூரிய மின்தகடுகளே சிறந்தவை. கான்கிரீட் எடைக்கட்டிகள் மேல் நிறுத்தினால் ஒரு துளைகூட வேண்டாம். வாகனச் சோதனைக்கும் பந்தயத்துக்கும் தளமும் மூட்டுகளும் சீராக இருக்க வேண்டும். 1943-இல் விமானத்தளமாகத் திறந்த இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் 1948-லேயே பந்தயத் தடமானது. புல்வெளியைப் பூங்காவாக்கினால், பெர்லினின் முன்னாள் விமான நிலையமான டெம்பல்ஹோஃபில் செய்வதுபோல், வானம்பாடிகள் கூடு கட்டும் பகுதிகளை அந்தப் பருவத்தில் வேலியிட்டுக் காக்க வேண்டும். அங்கே புல் வெட்டுவதையும் குஞ்சுகள் பறந்தபின் வைத்துக்கொள்ளுங்கள்.