முதல் ட்ரக் வாங்குபவருக்கு: வீல்பேஸ் எத்தனை இன்ச் வேண்டும்?

ஒன்டாரியோவில் சொந்த ட்ரக் எடுக்க இறங்குபவர்கள் இன்ஜின், கியர், மைலேஜ் எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்பார்கள். வீல்பேஸ், அதாவது முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே உள்ள நீளம், என்று வந்தால் மட்டும் "நீளம் என்றால் சொகுசு, குட்டை என்றால் திருப்ப லேசு" என்பதோடு சரி. அது பொய்யில்லை. ஆனால் அதை மட்டும் வைத்து வண்டி தேட முடியாது. உங்கள் கேபினும் நீங்கள் இழுக்கும் ட்ரெய்லருமே நீளத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடும். உங்கள் கையில் மிஞ்சுவது கொஞ்சம் இன்ச்தான். அந்தக் கொஞ்சத்தை எங்கே வைப்பது என்று பார்ப்போம்.

படி 1: அளந்து பழகுங்கள்

ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். முன் சக்கரத்தின் ஹப் நடுவிலிருந்து டேப்பைப் பிடியுங்கள். பின்னால் இரண்டு டிரைவ் ஆக்சில் (இன்ஜின் சுழற்றும் ஆக்சில்) இருந்தால், இரண்டுக்கும் நடுப்புள்ளி வரை அளக்க வேண்டும். பலர் முதல் டிரைவ் ஆக்சிலோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு ஆக்சிலுக்கும் இடையே 52 இன்ச் இருக்கும் வண்டியில் அப்படி அளந்தால் 26 இன்ச் குறைவாக வரும். நடுப்புள்ளியில் ஃபிரேமில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு வையுங்கள், பிறகும் தேவைப்படும்.

படி 2: சட்டம் எவ்வளவு விடுகிறது

கனடாவில் 53 அடி ட்ரெய்லர் இழுக்கும் ட்ராக்டருக்கு (கேபினும் இன்ஜினும் உள்ள முன்வண்டி) பொதுவான உச்ச வரம்பு 6.2 மீட்டர், அதாவது 244 இன்ச். அமெரிக்காவில் கதை வேறு. 1982-இல் வந்த மத்திய அரசுச் சட்டம், முக்கிய நெடுஞ்சாலைகளில் ட்ராக்டரும் ட்ரெய்லரும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு மாநிலங்கள் வரம்பு போடுவதை நிறுத்தியது. அதனால் அங்குள்ள யார்டுகளில் 260, 280 இன்ச் நீளமூக்கு வண்டிகள் பளபளவென்று நிற்கும். விலையைப் பார்த்து ஆசைப்பட்டு எல்லை தாண்டிக் கொண்டுவந்த பிறகு டேப்பை எடுக்காதீர்கள்.

படி 3: எவ்வளவு குட்டையாகப் போகலாம்

இதுதான் முக்கியமான கணக்கு, பொறுமையாகப் போடுங்கள். 53 அடி ட்ரெய்லரின் அகலம் 102 இன்ச். ட்ரெய்லரை ட்ராக்டரோடு கோக்கும் கிங்பின் பெரும்பாலும் முன்சுவரிலிருந்து 36 இன்ச் உள்ளே இருக்கும். வண்டி திரும்பும்போது ட்ரெய்லரின் முன்மூலை கிங்பின்னைச் சுற்றி ஒரு வட்டம் போடும். பாதி அகலம் 51, உள்ளே 36. பைதாகரஸ் கணக்கில் அந்த வட்டத்தின் ஆரம் சுமார் 62.4 இன்ச். மேடுபள்ளத்தில் ஆடுவதற்கு ஐந்தாறு இன்ச் சேர்த்தால் 68. ஸ்லீப்பரின் (படுக்கை உள்ள கேபின்) பின்சுவருக்கும், கிங்பின் பூட்டும் தட்டான ஃபிஃப்த் வீலின் நடுவுக்கும் இடையே இவ்வளவாவது இருக்க வேண்டும். ரீஃபர் (குளிர்பதன ட்ரெய்லர்) என்றால் கூலிங் யூனிட் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும், அதைத் தனியாக அளந்து சேருங்கள்.

ஓர் உதாரணம். முன் ஆக்சிலிலிருந்து ஸ்லீப்பர் பின்சுவர் வரை 148 இன்ச். அதோடு 68. ஃபிஃப்த் வீல் நீங்கள் போட்ட சாக்பீஸ் கோட்டுக்கு 8 இன்ச் முன்னால் இருக்கிறது, அதையும் கூட்டினால் 224. இந்த வண்டிக்கு 224-க்குக் கீழே போக முடியாது, 244-க்கு மேலே போகக் கூடாது. ஆக, நீங்கள் மண்டையை உடைத்துக்கொள்வதெல்லாம் 20 இன்ச்சுக்குத்தான்!

படி 4: திருப்பத்தில் அந்த 20 இன்ச் என்ன செய்யும்

வீல்பேஸை முன்சக்கரம் மடங்கும் கோணத்தின் சைனால் வகுத்தால் திருப்ப ஆரம் தோராயமாக வரும். 40 டிகிரி மடங்கும் என்று வைத்தால் 224-க்கு 29 அடி, 244-க்கு 31.6 அடி. இரண்டரை அடி வித்தியாசம். அதே 244 இன்ச் வண்டியில் சக்கரம் 50 டிகிரி மடங்கினால் 26.5 அடியாகக் குறைகிறது. அதனால் விற்பவரிடம் "வீல் கட் எத்தனை டிகிரி" என்று கேட்காமல் வராதீர்கள்.

சந்தியில் ட்ரெய்லரின் பின்சக்கரம் நடைபாதை விளிம்பில் ஏறுவதற்கும் பலர் ட்ராக்டரைத்தான் திட்டுவார்கள். அந்த உள்வெட்டு நீளங்களின் வர்க்கத்தைப் பொறுத்தது. கிங்பின்னிலிருந்து ட்ரெய்லர் ஆக்சில் வரை 40 அடி இருந்தால், 244 இன்ச் ட்ராக்டரின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். ட்ரெய்லர் ஆக்சிலை முன்னால் தள்ளிவைப்பது ட்ராக்டரைக் குட்டையாக்குவதைவிட நன்றாக வேலை செய்யும், எடைக் கணக்கும் சட்டமும் இடம் கொடுத்தால்.

ரிவர்ஸ் எடுப்பது தனி விஷயம். குட்டை வண்டி சட்டென்று ட்ரெய்லரை மடக்கும், நீள வண்டி நிதானமாக மடக்கும். புதிதாக ஓட்டுபவருக்கு நேராகப் பின்னால் போக நீளம் உதவும். ஆனால் பிராம்ப்டன் பக்கத்துக் குறுகலான சரக்கு டாக்கில் முன்மூக்கைச் சுழற்ற இடம் தேடி வியர்க்கும்.

படி 5: இடுப்புக்கு எது நல்லது

முன் ஆக்சில் ஒரு மேட்டில் ஏறும்போது வீல்பேஸ் நீளமாக இருந்தால் கேபின் சாயும் கோணம் குறையும். காங்கிரீட் ரோட்டின் இணைப்புகளில் தலை முன்னும் பின்னும் ஆடுவது அதனால் மட்டுப்படும். 160 இன்ச் டே கேபிலிருந்து (படுக்கை இல்லாத கேபின்) 230 இன்ச் ஸ்லீப்பருக்கு மாறியவர்களுக்கு இது முதல் நாளே தெரியும். ஆனால் 224-க்கும் 244-க்கும் உள்ள வித்தியாசத்தை முதுகு பெரிதாகக் கண்டுகொள்ளாது என்பது என் கணிப்பு. பின்பக்க ஏர் சஸ்பென்ஷன், கேபின் ஏர்பேக், நல்ல சீட், டயர் காற்று, இவற்றைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் இன்ச்சைப் பற்றி யோசியுங்கள். ட்ரெய்லர் இல்லாமல் ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம், வெறும் ட்ராக்டர் எதுவானாலும் குதிக்கும்.

படி 6: முன் ஆக்சில் எடை

ஃபிஃப்த் வீலை முன்னால் நகர்த்தினால் சுமை முன் ஆக்சிலுக்குப் போகும். எவ்வளவு என்றால், கிங்பின் சுமையை, சாக்பீஸ் கோட்டிலிருந்து ஃபிஃப்த் வீல் முன்னால் இருக்கும் இன்ச்சால் பெருக்கி வீல்பேஸால் வகுக்க வேண்டும். 27,000 பவுண்டு சுமை, 8 இன்ச், 244 வீல்பேஸ் என்றால் சுமார் 885 பவுண்டு. வெறும் வண்டியில் முன் ஆக்சில் 11,000 காட்டினால் இப்போது 11,885. 12,000 பவுண்டு ஆக்சிலுக்குள் அடங்கிவிட்டது. அதையே 12 இன்ச் ஆக்கினால் 12,300 தாண்டிவிடும். ரோட்டோர எடைமேடையில் மாட்டுவீர்கள்.

படி 7: பழைய வண்டி என்றால் கீழே படுத்துப் பாருங்கள்

ஃபிரேமை வெட்டி நீட்டிய வண்டிகளும், வரம்புக்காக வெட்டிக் குறைத்த வண்டிகளும் சந்தையில் உண்டு. ஃபிரேம் ரெயிலில் வெல்டிங் கோடு, புது பெயின்ட் திட்டு, உள்பக்கம் போல்ட் போட்ட கூடுதல் தகடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நீட்டிய வண்டியில் டிரைவ் ஷாஃப்ட்டும் மாறியிருக்கும். அதன் சென்டர் பேரிங்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் கேபின் தரை நடுங்கினால் டிரைவ் ஷாஃப்ட்டின் சாய்வுக் கோணம் சரியில்லை என்று சந்தேகப்படலாம். வேலையை யார் செய்தார்கள் என்ற பில் இல்லாவிட்டால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்க மாட்டேன்.