புகை பாஸ் ஆனால் கார் பாஸா? பாவித்த ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மச்சானுடன் திருகோணமலை உப்புவெளியில் ஒரு ஹொண்டா சீ.ஆர்.ஸெட் பார்க்கப் போனேன். பொனற்றைத் திறக்க முன்னமே விற்கிற தம்பி புகைச் சான்றிதழை நீட்டினார். "புகை பாஸ் அண்ணை, இதுக்கு மேல என்ன வேணும்?"

மச்சான் பாதி விழுந்துவிட்டான். அந்தச் சான்றிதழ் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கானது. பெட்ரோல் காரில் அந்தப் பரிசோதனை அளப்பது காபன் மொனொக்சைட்டையும் எரியாமல் வெளிவரும் ஐதரோகாபனையும்தான். கார் நின்ற இடத்திலேயே நிற்கும். பிரேக்கையோ ஸ்டியரிங்கையோ அடித்தட்டையோ யாரும் தொடுவதில்லை. பஸ், லொறிக்கு இருக்கிற தகுதிச் சான்றிதழ் நம் சொந்தக் காருக்குக் கிடையாது. ஆகவே அந்த வேலை வாங்குகிறவன் தலையில்தான் விழுகிறது.

சீ.ஆர்.ஸெட் ஒரு ஹைபிரிட். அதன் பெரிய பற்றரி தளர்ந்துபோனாலும் பெட்ரோல் எஞ்சின் ஓடும், புகையும் பாஸாகும். செசி நம்பர் இஸட்.எஃப்.1 என்று தொடங்கினால் 2010 முதல் வந்த 100 வோல்ட் பழைய வகை, இஸட்.எஃப்.2 என்றால் 2012 கடைசியில் வந்த 144 வோல்ட் லித்தியம் வகை. ஹபரணைப் பக்கமாக ஒரு நீள ஓட்டம் ஓடிப் பாருங்கள். சார்ஜ் காட்டும் கோடுகள் திடீரென்று சரிந்து திரும்ப ஏறினால் பற்றரிக்கு வயதாகிவிட்டது. இந்தக் காரில் ஆல்டர்னேட்டரும் இல்லை. சாதாரண 12 வோல்ட் பற்றரிக்கு சார்ஜ் கொடுப்பதும் ஹைபிரிட் பக்கம்தான் என்பதால் அது படுத்தால் இதுவும் படுக்கும். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை என்று நிம்மதியடையவும் வேண்டாம். பார்க்க வருகிறீர்கள் என்று தெரிந்து காலையில் பிழைக்குறிகளை அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அழித்த பிறகு காரின் கணினி தன் சுயபரிசோதனைகளை முடிக்கக் கொஞ்சம் ஓட்டம் வேண்டும். காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானரில் அவை முடியவில்லை என்று வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது வெளிநாட்டுக் கடதாசி. ஜப்பானில் புதுக் காருக்கு முதல் 3 வருடத்திலும் பிறகு 2 வருடத்துக்கு ஒருமுறையும் பரிசோதனை உண்டு. பிரேக், ஹெட்லைற் எல்லாம் பார்ப்பார்கள், ஆனால் அது அந்த நாளின் நிலைக்கு மட்டும்தான் சாட்சி. அங்கே ஏலத்தில் விற்கும்போது காரின் நிலையை எழுதும் ஏலத் தாளில் விஷயம் கூட. 'ஆர்' தரம் என்றால் விபத்தில் அடிபட்டுத் திருத்தியது. தாளிலுள்ள கார்ப் படத்தில் 'எஸ்' கறளைக் குறிக்கும், 'சீ' அரிப்பை. பிரித்தானியாவில் ஓடிய காரென்றால் 2005 முதலான வருடாந்தப் பரிசோதனை வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பாஸா பெயிலா என்று மட்டும் பார்ப்பது வீண். பாஸுக்குக் கீழே எழுதும் ஆலோசனைக் குறிப்புகளில்தான் காரின் சாதகம் இருக்கிறது. ஒரே கறள் மூன்று வருடம் தொடர்ந்து குறிக்கப்பட்டிருந்தால் யாரும் கைவைக்கவில்லை என்று அர்த்தம்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் பரிசோதனையில் நன்றாகத் தேறுவதையும் நம்பி ஏமாறக்கூடாது. பலது ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிற கார். ஓட்டம் குறைய, தேய்வும் குறையும். ஆனால் நின்றே கிடந்ததில் ரப்பர் வெடிக்கும், பிரேக் கலிப்பர் இறுகும், பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். ரயரின் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆம் கிழமை. பட்டன் (ரயரின் மேலுள்ள பள்ளங்கள்) எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அது கிழட்டு ரயர்தான்.

இவை எல்லாவற்றையும் விட இங்கே காரைத் தின்பது உப்பு. நிலாவெளிப் பக்கம் கடலுக்கு இரண்டு வளவு தள்ளி நிறுத்திய காரின் மேலே பளபளப்பு, கீழே கறள். மஸ்டா ரோட்ஸ்டரில் இன்னொரு வில்லங்கம். மடிக்கும் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள வடிகால்களால் இறங்கவேண்டும். சருகும் தூசியும் அடைத்தால் அந்த நீர் கதவுக்குக் கீழேயுள்ள பெட்டிப் பகுதிக்குள் தேங்கி, உள்ளேயிருந்து அரிக்கத் தொடங்கும். என் ஒன்றுவிட்ட தம்பி இரண்டாம் தலைமுறை ரோட்ஸ்டர் ஒன்றை ஆசையோடு வாங்கினான். மாரி முடிந்து, பின்சில்லுக்கு முன்னால் பெருவிரலால் அழுத்தினோம். பெயின்ற் பிஸ்கற் மாதிரி உடைந்தது. உள்ளே முழுக்க பற்றி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசும் பசை. ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோயிருந்தால் அன்றே தெரிந்திருக்கும், பற்றி பூசிய இடத்தில் அது ஒட்டாது. அடித்தட்டைக் குழியில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

2025 நவம்பர் டிட்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிய கார்களும் சந்தையில் இருக்கலாம். சீற் பெல்ற்றைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பெயர் சில்லுக் குழியையும் விடவேண்டாம்.

மஸ்டா ஆர்.எக்ஸ்.8 மீது ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று. பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலி உள்ள அதன் ரோட்டரி எஞ்சின் வேண்டுமென்றே கொஞ்சம் ஒயிலை எரிக்கும்படி செய்யப்பட்டது. "ஒரு சொட்டு ஒயிலும் குறையாது" என்று விற்பவர் பெருமைப்பட்டால்தான் பயப்பட வேண்டும். நன்றாகச் சூடாக்கி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். சூட்டில் இழுத்தடித்தால் கொம்பிரஷன் (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் பலம்) போய்விட்டது. அதை அளக்க ரோட்டரிக்கென்றே உள்ள கருவி வேண்டும், சாதாரண மானி சரிவராது.

சீ.ஆர்.ஸெட், ஆர்.எக்ஸ்.8 இரண்டிலும் டக்காட்டா நிறுவனத்தின் எயார்பேக்கை மாற்றத் திருப்பியழைப்பு நடந்தது. அதன் வெடிபொருள் வெக்கையிலும் ஈரப்பதத்திலும் பழுதாகி, விரியும்போது உலோகத் துண்டுகளைத் தெறிக்கவிடும். நம் ஊர்க் காலநிலையோ அந்த இரண்டும் சேர்ந்தது. செசி நம்பரைக் கொடுத்து, மாற்றியாயிற்றா என்று உற்பத்தியாளரின் தளத்தில் பார்க்கலாம். மச்சான் அன்று கேட்டது இதைத்தான். அந்தத் தம்பியிடம் பதில் இருக்கவில்லை. "சும்மா இருக்கிறதைக் கிளறாதேங்கோ அண்ணை" என்று சிரித்துக்கொண்டே சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தார்.