மணலில் புதைந்த வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் முன்

இராமநாதபுரம் கடற்கரையில் வண்டி புதைவது இரண்டு விதம். மன்னார் வளைகுடாவை ஒட்டிய மூக்கையூர், வாலிநோக்கம் பக்கம் சக்கரம் பொடிமணலில் சுழன்று அச்சுவரை இறங்கிவிடும்; பாக் நீரிணையை ஒட்டிய தேவிபட்டினம், காரங்காடு, தொண்டிப் பக்கம், காய்ந்து கெட்டியாகத் தெரியும் தரைக்கு அடியில் உளைச்சேறு கிடக்கும். தனுஷ்கோடியின் கோடியில் உள்ள அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறக்கப்பட்ட பிறகு, படம் எடுப்பதற்காகத் தார்ச்சாலையை விட்டு ஒருபக்கச் சக்கரங்களை மணலில் இறக்கிவிட்டுத் தவிக்கும் வெளியூர்க் கார்களும் சேர்ந்துகொண்டன.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சாலையோரத்தில் அப்படிப் புதைந்த ஒரு காரை, மீன் ஏற்ற வந்த லோடு வண்டி இழுக்க முன்வந்தது. படகுக் கயிற்றைக் காரின் பம்பரில் பற்றவைத்திருந்த கொக்கியில் மாட்டி, வண்டியை ஒரே வெட்டாக வெட்டி இழுத்தார்கள். பற்றவைப்பு விட்டுப்போய், கயிற்றோடு பறந்த கொக்கி லோடு வண்டியின் பின்னால் இருந்த தெர்மாகோல் ஐஸ் பெட்டியைத் துளைத்துக் கேபினின் முதுகுத் தகட்டில் பள்ளம் விழுத்தி நின்றது. அந்தப் பெட்டியின்மேல் சற்றுமுன் வரை ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். கயிறு மட்டும் அறுந்து வந்தால் பலத்த அடிபடும். கயிற்றோடு இரும்பும் பறந்து வந்தால் உயிரே போகும். கீழே சொல்வதெல்லாம் அந்த இரும்பை மனத்தில் வைத்துச் சொல்வதுதான்.

முதலில் கயிற்றின் வகை. நம் கரையில் எளிதில் கைக்கு வருவது பாலிபுரொப்பிலீன் படகுக் கயிறு. அது தண்ணீரில் மிதக்கும் என்பதால் கடலுக்கு ஏற்றது. ஆனால் வெயிலில் கிடந்தால் நார் மொரமொரத்து வலுவிழந்துவிடும். எத்தனை கோடை கண்ட கயிறு என்று தெரியாத ஒன்றை நம்பிப் புதைந்த வண்டியை இழுக்கக் கூடாது. தார்ச்சாலையில் நின்றுபோன வண்டியை மெதுவாக இழுத்துச் செல்ல, அதிகம் நீளாத பாலியெஸ்டர் பெல்ட் போதும். புதைந்த வண்டியை மீட்பதற்கென்றே செய்யப்படுவது நைலான் கயிறு. இரட்டைப் பின்னலில் வரும் அந்தக் கயிறு ஏறத்தாழ 30 விழுக்காடு வரை நீண்டு, இழுக்கும் வண்டியின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, ரப்பர்போலச் சுருங்கும்போது புதைந்த வண்டியை அதிர்வில்லாமல் வெளியே கொண்டுவருகிறது. நீளாத பெல்ட்டையோ சங்கிலியையோ கட்டி வெட்டி இழுத்தால், அந்த வேகம் முழுவதும் ஒரே நொடியில் மாட்டிய இடத்தில் இறங்கும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது அறுபடும் எடை. வண்டியின் எடையோடு ஆள், சாமான் எடையையும் சேர்த்து, அதைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு தாங்கும் கயிற்றை எடுக்க வேண்டும், 2.5 டன் வண்டிக்கு 5 முதல் 7.5 டன் வரை. மிகத் தடித்த கயிறுதான் பாதுகாப்பு என்று எண்ணிச் சிறிய காருக்கு லாரிக் கயிறு வாங்குவதும் தவறு, ஏனெனில் அந்த எடைக்கு அது நீளவே நீளாது. அட்டையில் பெரிதாக அச்சிட்ட டன் கணக்கு அறுபடும் எடையா, பாதுகாப்பாகச் சுமக்கும் எடையா என்பதைக் கடைக்காரரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். எதுவும் அச்சிடாத கயிறு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இணைப்பதற்குக் கொக்கி வேண்டாம். எடை பொறித்த ஷேக்கிள், அதாவது வாயைத் திருகாணியால் மூடும் இரும்பு வளையம் வேண்டும். 19 மில்லிமீட்டர் வில் ஷேக்கிளில் பொதுவாக 4.75 டன் என்று பொறித்திருக்கும்; அது அறுபடும் எடை அல்ல, பாதுகாப்பாகச் சுமக்கும் எடை. அதன் ஆணியை முழுவதும் திருகிவிட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினால், இழுத்த பிறகு இறுகிக்கொள்ளாது. என்னிடம் கேட்டால், செயற்கை நாரால் பின்னிய மென் ஷேக்கிளையே வாங்கச் சொல்வேன்; பறந்து வந்தாலும் அது இரும்பு அல்ல. கயிற்றில் முடிச்சுப் போட்டால் அதன் வலு ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பதால், கயிற்றின் கண்ணியை ஷேக்கிளில் கோத்தே இணைக்க வேண்டும். மாட்டும் இடம் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸோடு போல்ட் போட்டு இணைத்த இழுவைப் புள்ளியாக இருக்க வேண்டும். பம்பர், ஆக்ஸில், ஸ்டியரிங் கம்பி, டிரெய்லர் மாட்டும் உருண்டை ஆகிய எதிலும் மாட்டக் கூடாது. கப்பலிலும் லாரியிலும் வண்டியைக் கட்டி வைப்பதற்காக அடியில் இருக்கும் வளையங்களும் இதற்கு உதவா. கார்களோடு தரும் திருகு வளையம் சமதரையில் இழுத்துச் செல்வதற்கு உரியது. பல கார்களில் அதன் மரை இடப்பக்கமாகத் திருகும். அரைகுறையாக ஏறியதை முழுவதும் ஏறியதாக நினைத்துவிடக் கூடாது.

இவ்வளவு சொன்னாலும், மணலில் சிக்கிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கயிறே தேவைப்படாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து உடனே காலை எடுத்துவிட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் உள்ள மணலையும், வயிற்றுப் பகுதியைத் தாங்கி நிற்கும் மணலையும் மண்வெட்டியால் தள்ள வேண்டும். பிறகு டயர்க் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைத்து, சக்கரத்தின் முன்னால் பனைமட்டையை ஓலையோடு பரப்பி, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுத்துப் பார்க்கலாம். தார்ச்சாலை ஏறியதும் காற்றை மறுபடி நிரப்பாமல் வேகம் எடுக்கக் கூடாது.

அப்படியும் வராவிட்டால்தான் கயிறு. இரு வண்டிகளும் கூடியவரை ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். கயிற்றின் நடுவில் நனைத்த சாக்கையோ கனத்த போர்வையையோ போட்டால், அறுந்தாலும் கயிறு தரையை நோக்கி விழும். முதலில் தொய்வில்லாமல் மெதுவாக இழுத்துப் பார்த்துவிட்டு, அது பலிக்காதபோது மட்டும் இரண்டு மீட்டர் அளவுக்குத் தொய்வு விட்டு, ஓடும் ஆளின் வேகத்தைத் தாண்டாமல் இழுக்க வேண்டும்; புதைந்த வண்டியும் அதே நேரத்தில் கியரில் மெல்ல நகர முயல வேண்டும். வேகம் இரட்டித்தால் கயிற்றில் ஏறும் ஆற்றல் நான்கு மடங்காகும். மூன்று முறை இழுத்தும் அசையாவிட்டால் மறுபடி மண்வெட்டியை எடுப்பதே வழி.

நம் ஊரில் வண்டி சிக்கினால் கேட்காமலே பத்துப் பேர் உதவிக்கு வந்துவிடுவார்கள். அந்த நல்ல மனத்துக்கு நாம் செய்யும் கைம்மாறு, அவர்களைத் தள்ளி நிற்கச் சொல்வது. கயிற்றின் நீளத்தைப்போல ஒன்றரை மடங்கு தொலைவுக்குள் யாரும் நிற்கக் கூடாது, கயிற்றை யாரும் தாண்டக் கூடாது, வண்டியைத் தள்ளவும் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் நாளில் தனுஷ்கோடியில் கூப்பிட்ட குரல் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது என்பதால், ஒரே ஒருவர் மட்டும் கைச்சைகை காட்ட வேண்டும். “நிறுத்து” என்ற சைகையை அவரும் இரு ஓட்டுநர்களும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

சாலையில் இழுத்துச் செல்லும்போது இரு வண்டிகளுக்கும் இடைவெளி 5 மீட்டரைத் தாண்டக் கூடாது. பின்வண்டியில் சாவியைத் திருப்பி வைக்காவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் ஓடாததால் பிரேக்கும் கல்லாக இருக்கும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை எஞ்சின் சுழற்றும் சக்கரங்கள் தரையில் உருள இழுக்காமல், மேலேற்றிச் செல்லும் வண்டியை வரவழைப்பதே நல்லது.

வீடு திரும்பியதும் கயிற்றை நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலச வேண்டும். உப்பும் மணலும் பின்னலுக்குள் தங்கினால் ஒவ்வொரு இழுப்பிலும் நாரை அறுக்கும். நனைந்த நைலானின் வலுவும் சற்றுக் குறைந்திருக்கும் என்பதால், நிழலில் நன்றாகக் காயவிட்டுத்தான் பையில் போட வேண்டும். காய்ந்த பிறகு கயிற்றை விரல்களுக்கு இடையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை உருவிப் பாருங்கள்: உருகிக் கெட்டியான இடமோ, புரி அறுந்த இடமோ, திடீரென மெலிந்த இடமோ விரலில் தட்டினால், அந்தக் கயிற்றை வண்டியில் வைக்காமல் துண்டுதுண்டாக வெட்டிவிடுங்கள். முழுதாகத் தூக்கிப் போட்டால், வேறொருவர் அதை எடுத்துத் தம் வண்டியில் கட்டுவார்.